மழைக்கு முன் கொல்லையில் செய்ய வேண்டியவை

நம் நாட்டில் கோடை, குளிர் என்று தனித்தனிப் பருவங்கள் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. ஆயினும் கொல்லையில் கை வைத்தவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். மேற்குக் கரை மாநிலங்களில் ஜூன், ஜூலை மாதங்களில் மழை சற்றுக் குறைகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. கிழக்குக் கரையிலோ நவம்பர் தொடங்கிப் பெருமழைதான். ஆகவே ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே காய்களைப் பறித்து, விதை எடுத்து, பாத்திகளைத் துப்புரவு செய்ய ஏற்ற காலம். தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டிய இந்த வேலையைப் பற்றி இன்று பேசுவோம்.

லயத்துக்குப் பின்னால் உள்ள நாலு பாத்தி நம் குடும்பங்களுக்குச் சிறிய காரியமன்று. விடியும் முன்பே வேலைக்காட்டுக்குப் போய் நண்பகலில் திரும்பும் தாய்க்கு, நாலு கத்தரிக்காயும் ஒரு பிடி முருங்கைக்கீரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல். பட்டணத்துச் சந்தைக்குப் போய்வரும் செலவும் மிச்சம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு அரிசி வரத்து அறுந்தபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே இந்நாட்டு மக்கள் பலரின் உயிரைப் பிடித்து வைத்தன. 1974-இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலத்தில், பச்சைப் புத்தகத் திட்டம் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் உணவுப் பயிர் செய்யும்படி மக்களை ஊக்குவித்தது.

ஆனால் நடுவதில் நாம் காட்டும் ஆர்வம், காய்ப்பு ஓயும் நேரத்தில் குறைந்துவிடுகிறது. முற்றிய காய் செடியிலேயே அழுகுகிறது. காய்ந்த கொடி பந்தலிலேயே தொங்குகிறது. பிறகு நடும் நாள் வந்ததும் மீண்டும் காசு கொடுத்து விதை வாங்குகிறோம். காய்ப்பு முடியும்போது செய்யும் வேலைதான் அடுத்த காய்ப்பின் தொடக்கம் என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

முதலில் பறிப்பைக் கவனிப்போம். வெண்டையும் பயற்றங்காயும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டியவை. வெண்டைப் பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பதமாகிவிடும். நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் நாரோடிவிட்டது என்று பொருள். முற்றிய காய்களைச் செடியில் விட்டுவைத்தால், செடி தன் பலத்தை விதைக்குக் கொடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கத்தரிக்காயைத் தோலின் பளபளப்பு மங்குமுன் பறிக்க வேண்டும். முற்றிய பூசணியை நான்கு விரல் நீளக் காம்போடு அறுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பல வாரங்கள் கெடாது.

மரவள்ளி அப்படியன்று. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு உள்ளே கறுத்துவிடும். ஆகவே சமையலுக்குத் தேவையானதை மட்டும் பிடுங்குவோம். தோலை முழுதும் உரித்து, நன்றாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கில் நஞ்சு மிகுதி. அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கிழங்கைப் பிடுங்கிய பின் தண்டை வீசிவிடாமல், முற்றிய பகுதியை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி நடுவதற்கு வைத்துக்கொள்வோம்.

அடுத்தது விதை. பறித்தது போக எஞ்சிய நோஞ்சான் காயை விதைக்கு விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சரியன்று. நன்றாகக் காய்த்த, நோயில்லாத ஒரு செடியைக் காய்ப்பின் நடுவிலேயே தேர்ந்தெடுத்து, வீட்டார் யாரும் பறிக்காதபடி அதில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவோம். வெண்டையும் பயற்றங்காயும் செடியிலேயே காய்ந்து நெற்றாக வேண்டும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுக்க வேண்டும். மிளகாய் நன்றாகச் சிவக்க வேண்டும். பிறகு விதையை எடுத்து நிழலில் உலர்த்துவோம்.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அதுவே விதைக்குப் பகை. இறுக மூடும் போத்தலின் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி போட்டு, அதன்மேல் விதையைத் தாளில் மடித்து வைத்தால் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். விதையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டும் வேலையைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வந்த செடியில் நாம் விதை எடுத்தால், அது தாய்ச் செடியைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. பழைய நாட்டு ரகங்களே விதைக்கு உகந்தவை.

இனித் துப்புரவு. பயற்றங்கொடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுப்போம். அதன் வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து இருக்கிறது. வேர் மண்ணிலேயே மக்கினால் அந்தச் சத்து அடுத்த பயிருக்குக் கிடைக்கும். நோயற்ற தழைகளை நறுக்கிக் குழியிலிட்டு எருவாக்கலாம். ஆனால் பச்சையாக நின்றபடியே திடீரென்று வாடிச் செத்த கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகளை எருக்குழியில் போடக் கூடாது. அந்த நோய் மண்ணில் தங்கும். அவற்றை வேரோடு எடுத்துப் பையில் கட்டி அகற்றிவிட்டு, அந்தப் பாத்தியில் கீரையோ சோளமோ போடுவோம். கத்தரியும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம். ஒன்றன் நோய் மற்றதற்கும் வரும்.

குப்பைக்குத் தீ வைப்பது வேண்டாம். வறண்ட மாதங்களில் புகைமூட்டம் எப்படி வதைக்கும் என்பதை 1997-லும் 2015-லும் கண்டோம். தீயில் போவது எருவாக வேண்டிய தழை. மூச்சுத் திணறுவது நம் பிள்ளைகள். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, வெறும் மண்ணைக் காய்ந்த புல்லால் மூடினால் மழையில் மேல்மண் கரைந்து ஓடாது.

துப்புரவில் மிக முக்கியமானது தேங்கிய தண்ணீர். உடைந்த மங்கு, பழைய வாளி, டயர், மூங்கில் பந்தற்கால்களின் வாய் ஆகியவற்றில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதங்கள் சாகாமல் கிடந்து, மழைநீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செடிக்கென்று பிடித்து வைக்கும் தண்ணீரைத் துணியாலோ மூடியாலோ இறுக மூட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வேலைக்காட்டுக் களைக்கொல்லியைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுவரக் கூடாது. மருந்து இருந்த காலிப் புட்டியில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கவும் கூடாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. கொல்லைப்புறக் கொட்டகையில் பழைய புட்டி ஏதேனும் கிடந்தால், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, விவசாய இலாகாவிடம் கேட்டு முறைப்படி அகற்றுவோம்.

நேயர்களே, நாம் பாடுபடும் இந்தப் பாத்தி நமக்குப் பட்டா உள்ள நிலமன்று. அது தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. எத்தனையோ தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகி, நம் மக்கள் லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போயிருக்கிறார்கள். பாத்தியைத் தூக்கிக்கொண்டு யாரும் போக முடியாது. ஆனால் ஒரு போத்தல் விதையையும் ஒரு கட்டு மரவள்ளித் தண்டையும் கொண்டு போகலாம். பிள்ளைகள் நம்மோடு குனிந்து கற்றுக்கொண்ட கைப்பழக்கமும் கூடவே போகும். வெயில் விழும் முகப்பில், அடியில் துளையிட்ட பழைய வாளியில்கூடக் கத்தரி காய்க்கும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு கொல்லையில் இறங்குவோம். நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து துணி கட்டுவோம். மிஞ்சிய விதையில் ஒரு கைப்பிடியை அடுத்த வீட்டு அக்காவுக்கும் கொடுத்து வைப்போம். நம் விதை கெட்டுப்போனாலும் அவரிடம் இருக்கும்.