சாய்ந்து கிடக்கும் எஞ்சின்

ஒஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரிலே, வொக்ஸ்வாகன் நிறுவனத்தாரின் மூன்றாந் தலைமுறை வான்கள் 1985ஆம் ஆண்டு முதல் 1992 வரை நாற்சக்கர இயக்கம் பெற்று வெளிவந்தன. ‘சிங்க்ரோ’ என்பது அவற்றின் பெயர். படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்தப்பெற்றவை, செப்பனிட்ட தெரு முடிந்த இடத்துக்கு அப்பாலும் குடும்பத்தோடு சென்று தங்கத்தக்க வீடுகளாயின. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றைக் கைவிட மனமில்லாதோர் பலர். அவர்களுட் பலருடைய உள்ளத்தில் எழும் ஆசை ஒன்றுண்டு: பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுதல்.

ஆசைக்குக் காரணம் இல்லாமலில்லை. அவ்வானின் பெற்றோல் எஞ்சின் நீரினாற் குளிர்விக்கப்படுவது. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பது. வயதேறியபின் சிலிண்டர்த் தலைகளின் இணைப்பில் நீர் கசிவது அதன் பழைய நோய். குடிக்கும் எரிபொருளும் அதிகம். தொழிற்சாலையே 70 குதிரைவலுவுள்ள 1.6 லீற்றர் டீசல் எஞ்சினையும் கொடுத்ததுண்டு. வீட்டுச் சாமான்களைச் சுமந்து மலையேறும்போது அதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். எனவே, 1990களில் அதே நிறுவனத்தின் கார்களில் வந்த 1.9 லீற்றர் டேர்போ டீசல் எஞ்சினைப் பலரும் நாடுகின்றனர்.

எஞ்சின் கிடைப்பது அரிதன்று. அதனைக் கிடத்துவதே அரிது. படுத்த சிலிண்டர்களுக்கென அமைந்த பின்னறை உயரங் குறைந்தது. அதன் மூடிக்கு மேலே படுக்கையின் ஒரு பாதி இருக்கின்றது. காரிலே ஏறத்தாழ நிமிர்ந்து நின்ற டீசல் எஞ்சின் இங்கே அவ்வாறே நின்றால் மூடியை முட்டும். தொழிற்சாலையார் தம் டீசல் எஞ்சினை 50 பாகை சாய்த்துப் பொருத்தினர். புதிதாகப் பொருத்துவோரும் அவ்வாறே சாய்க்கவேண்டும். இன்றேல் மூடியை உயர்த்திப் படுக்கையின் ஒழுங்கைக் கெடுக்கவேண்டும்.

சாய்த்தவுடன் எண்ணெய் இடம்மாறுகின்றது. காரிலிருந்த எண்ணெய்த் தொட்டியையும் உறிஞ்சு குழாயையும் அப்படியே விட்டால், குழாயின் வாய் எண்ணெயை விட்டுக் காற்றை உறிஞ்சும். தாங்கிகள் விரைவில் தேய்ந்துவிடும். ஆதலால் பழைய டீசல் வானுக்கென வார்க்கப்பட்ட தொட்டியும் குழாயும் அளவுகோலும் தேடிப் பெறவேண்டும். டேர்போவிலிருந்து இறங்கும் எண்ணெய் தன் பாரத்தினாலேயே தொட்டிக்கு வழியவேண்டும். அதன் வழி மேடாகிவிட்டால் எண்ணெய் புகையாய் வெளிவரும். இதனிலும் கொடிது ஒன்றுண்டு. எஞ்சினின் ஆவி போகும் குழாய் வழியே எண்ணெய் மிகுதியாக உட்புகுந்தால், டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்து ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நில்லாது. காற்றை அடைத்தாலொழிய அடங்காது. சாய்வின் கணக்கை அலட்சியஞ் செய்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

தடுப்பின் காரியம் பலருக்கு நினைவில் வருவதில்லை. பெற்றோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடமே தடுப்பு மிதியை இலேசாக்குகின்றது. டீசலில் அத்தகைய வெற்றிடம் இல்லை. தனியே ஒரு வெற்றிடப் பம்பி வேண்டும். அது இல்லாமல் இறக்கத்தில் இறங்குவோன் தன் காலின் பலத்தை மட்டுமே நம்பவேண்டியவனாவான். எரிபொருள் திரும்பிவரும் குழாயும், எஞ்சினின் மின்மூளையும் அதற்குரிய கம்பிகளும் சேர்ந்தே வரவேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இனி, கியர்ப் பெட்டி. சிங்க்ரோவின் உயிர்நிலை அங்கேதான். 78 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின் கொடுத்த முறுக்கு விசை 140 நியூற்றன் மீற்றர் அளவினது. 110 குதிரைவலுவுள்ள டீசல் எஞ்சினோ 235 கொடுக்கின்றது. அதுவும் நிமிடத்துக்கு 1,900 சுழற்சியிலேயே. பற்சக்கரங்கள் இத்துணைப் பாரத்துக்கென ஆக்கப்பட்டவை அல்ல. பழைய பற்கணக்கோடு பெருந்தெருவில் ஓடினால் எஞ்சின் வீணே இரையும். ஆகவே மேற்கியரை நீட்டிக்கொள்வது வழக்கம். முன்சக்கரங்களுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் இணைப்பினுள்ளே சிலிக்கன் திரவம் நிறைந்த தட்டுகள் இருக்கின்றன. வயதினால் அது விறைத்திருந்தாலும், முன்னும் பின்னும் ரயர்களின் தேய்மானம் வேறுபட்டாலும், அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கத் தொடங்கும். புதிய எஞ்சினின் வலு அந்த முறுக்கோடு சேரும்போது உடைவது கியர்ப் பெட்டியே. புதிய பெட்டி கிடையாது. பழையதைச் செப்பனிடுவதும் பெருஞ்செலவு. எனவே அறிந்தோர், எஞ்சினை வாங்குமுன் அந்த இணைப்பைச் சோதிப்பர். 110 குதிரைவலுவை விட்டு 90 குதிரைவலுவோடு மனநிறைவு கொள்வோரும் உளர். அவர்களுடைய தெரிவு கோழைத்தனமன்று.

ஜேர்மனியில் வேலை பட்டறையோடு முடிவதில்லை. மாற்றிய எஞ்சினைப் பரிசோதகர் பார்த்து வாகனப் பத்திரத்திற் பதியவேண்டும். 2008 முதல் பேர்லின் முதலிய நகரங்களின் மையங்களில் புகை மிகுந்த வண்டிகளுக்குத் தடை வந்தது. முப்பது ஆண்டு கடந்து, மூல நிலை காத்த வண்டிகளுக்கான மரபு இலக்கத்தகடு அத்தடையினின்று விலக்களிக்கும். பிற்காலத்து எஞ்சின் ஏறிய வான் அத்தகட்டை இழக்கவுங்கூடும். ஆதலினால் சிலர் கழற்றிய பெற்றோல் எஞ்சினை விற்பதில்லை. எண்ணெய் பூசித் துணியினாற் சுற்றி, கொட்டகை மூலையில் வைத்திருக்கின்றனர்.