ஓர் இரவு வெளியே தங்கினால் என்ன?
(திண்டிவனத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)



பள்ளிக்கூடத்து அறிவியல் மன்றத்தார் பிள்ளைகளை ஓர் இரவு வெளியூரில் தங்கவைத்து, வானம் பார்க்கச் செய்து, மறுநாள் வீட்டில் கொண்டுவந்து விடுகிறோம் என்கின்றார்கள். அதற்குத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பெற்றோர்கள் சொல்லும் ஆட்சேபனைகள் மூன்று. இரண்டை வாய்விட்டுச் சொல்லுகின்றார்கள். மூன்றாவதைச் சொல்லுவதில்லை. அந்தச் சொல்லாத ஆட்சேபனையைப் பற்றிப் பேசவே நாம் முக்கியமாக வந்திருக்கின்றோம்.

முதலாவது, ராத்திரி பயம். காத்துக் கறுப்பு அண்டிவிடும், புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பது. புளியமரம் மாத்திரமல்ல, எல்லா மரமும் இரவில் நம்மைப் போலவே மூச்சு விடுகின்றது. அது வெளியே விடும் காற்று யாரையும் அமுக்கிவிடப் போவதில்லை. அன்றியும் நாம் ஒன்று கேட்கின்றோம். நம் ஜில்லாவில் பாரதக் கூத்து என்றால் கைக்குழந்தையோடு விடிய விடிய வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பௌர்ணமி ராத்திரியில் திருவக்கரை வக்கிரகாளி கோயிலுக்குக் குடும்பத்தோடு பஸ் ஏறுபவர்கள் யார்? அப்பொழுதெல்லாம் அண்டாத காத்துக் கறுப்பு, வாத்தியார் கூட்டிக்கொண்டு போனால் மாத்திரம் அண்டிவிடுமோ?

அதே திருவக்கரையில் கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தியவை. அவற்றை அசுரனுடைய எலும்பு என்று கதை சொல்லுகின்றவர்களும் உண்டு. அம்மனைப் பார்த்துத் திரும்பியவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்மரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்? பிள்ளைகளைப் பகலில் அங்கே விட்டு, இரவில் வானத்தைக் காட்டினால் போதும். வேறு பிரசங்கமே வேண்டியதில்லை.

வானத்தில் என்ன இருக்கின்றது என்று கேட்பீர்கள். சனி இருக்கின்றது! எள் விளக்குப் போட்டுப் பிள்ளைக்கு ஏழரை கழிய வேண்டும் என்று எந்தக் கிரகத்தைச் சுற்றி வருகின்றீர்களோ, அதே சனியைச் சிறிய தொலைநோக்கி ஒன்றில் பையனே பார்த்துவிடலாம். அதைச் சுற்றி வளையம் தெரியும். அது சூரியனை ஒரு தடவை சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் ஆகின்றது. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை வருஷம். மூன்று ராசிக்கு ஏழரை. சோசியன் கணக்கில் உள்ள உண்மை இவ்வளவுதான். மற்றதெல்லாம் தட்சணைக்காகச் சேர்த்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இந்த வகுத்தல் கணக்கு தெரியும். தகப்பனாருக்குத்தான் பயம் தெரியும்.

இரண்டாவது, பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்பது. பாதுகாப்புக் கேட்பது நியாயம். பெண் ஆசிரியைகள் கூட வருகின்றார்களா, படுக்க நல்ல இடமுண்டா, கக்கூசு உண்டா, தாழ்ப்பாள் சரியாயிருக்கின்றதா என்றெல்லாம் கட்டாயம் கேளுங்கள். பையனுக்காகவும் கேளுங்கள். இல்லையென்றால் அதைச் செய்யச் சொல்லிப் பள்ளிக்கூடத்தாரோடு சண்டை போடுங்கள். பெண்ணை வீட்டில் நிறுத்திக்கொள்வது அதற்குப் பரிகாரமல்ல. 1909ல் லண்டனில் சாரணப் பையன்களின் பெரிய கூட்டத்திற்கு, அழையாமலே சில பெண்பிள்ளைகள் தாங்களும் சாரணர்தான் என்று வந்து நின்றார்கள். மறுவருஷமே அவர்களுக்கென்று தனிச் சங்கம் உண்டாயிற்று. யாரும் வரம் கொடுத்துக் கிடைத்ததல்ல.

இனி மூன்றாவது. அது என்னவென்றால், எவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, எவன் சமைத்ததைச் சாப்பிடுவது, எவன் பக்கத்தில் பாய் விரிப்பது என்பதேயாகும். பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் ஒரே பெஞ்சில் உட்காரலாம். சாயங்காலம் மணி அடித்ததும் ஊருக்கு ஒருவன், காலனிக்கு ஒருவன். ராத்திரி தங்கினாலோ அப்படிப் பிரிந்துபோக வழியில்லை. ஒரே அடுப்பு, ஒரே பந்தி, ஒரே கூரை. இதற்காகத்தான் பலபேருக்கு அன்றைக்கென்று பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுகின்றது!

இது நம் பக்கத்துக்குப் புதிய விஷயமல்ல. திண்டிவனத்துக்கு அடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் சேரன்மாதேவி குருகுலத்தில் தங்கிப் படித்தவன். அந்தக் குருகுலத்தை 1922ல் வ.வே.சு. அய்யர் ஆரம்பித்தார். தேசத்துக்குத் தொண்டர்களை உண்டாக்க என்று சொல்லி எல்லா ஜாதியாரிடத்தும் பணம் வாங்கப்பட்டது. காங்கிரசும் 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனால் பார்ப்பனப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனி. அவர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீரைக் குடித்ததற்காக ரெட்டியார் மகன் அடிபட்டான் என்றும், அவன் தகப்பனாரிடம் அழுதான் என்றும், அவர் வந்து தம்மிடம் சொன்னார் என்றும் பெரியார் பின்னாளில் சொல்லியிருக்கின்றார்.

கவனியுங்கள். அவன் ஏழையல்ல, ‘தீண்டாத’ ஜாதியென்று ஒதுக்கப்பட்டவனுமல்ல. நிலபுலமுள்ள வீட்டுப் பிள்ளை. அவனுக்கே ஒரு டம்ளர் தண்ணீருக்கு அடி என்றால் அவனுக்குக் கீழே வைக்கப்பட்டவன் கதி என்ன? வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை விடாமல் கிளப்பினார்கள். பெற்றோர் ஒப்புக்கொள்ளவில்லை, பிள்ளைகள் இருவர்தானே என்று சமாதானம் சொல்லப்பட்டது. இரண்டு பேர் சாப்பாடு ஒரு கட்சியையே உலுக்கிற்று. பெரியார் 1925 முடிவதற்குள் காங்கிரசைவிட்டு வெளியேறியதற்கு வகுப்புரிமைத் தகராறோடு இதுவும் ஒரு காரணமாயிற்று. அடிபட்ட பிள்ளையின் தகப்பனார் 1947ல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார். அவ்வருஷமே கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின.

சட்டம் வந்து எழுபத்தாறு வருஷத்திற்குப் பிறகு 2023 ஜூனில், விழுப்புரத்துக்கு அருகில் மேல்பாதியில், ஆதிதிராவிடர் உள்ளே வரக்கூடாது என்ற தகராறில் திரௌபதி அம்மன் கோயிலையே அதிகாரிகள் பூட்டி முத்திரை வைக்க நேர்ந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் உடன்படித்த பையன்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அரசாங்கம் நியமித்த நீதிபதி சந்துரு அவர்கள், பிள்ளைகள் மணிக்கட்டில் ஜாதிக்கொரு வர்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024ல் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்காருவது மாத்திரம் போதாது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச ருசு என்ன வேண்டும்?

ஆகவே முகாம் என்றாலே நல்லது என்று நாம் சொல்லவில்லை. குருகுலமும் ஒருவகையில் முகாம்தான். சாரணர் இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1907ல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் நடத்தியபோது, பணக்காரப் பள்ளிப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் வேண்டுமென்றே ஒரே அணியில் கலந்து தங்கவைத்தார். அந்த இயக்கமே இந்தியாவுக்கு வந்தபோது இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தார்கள். அதனால் 1916ல் சென்னையில் பெசண்ட் அம்மையார் தனிச் சங்கம் வைக்கவேண்டியதாயிற்று. கூடாரம் ஒன்றுதான், உள்ளே யாரை விடுகின்றோம் என்பதில்தான் எல்லாம் இருக்கின்றது.

ஆதலால் ஆசிரியத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது: படுக்கைக்குப் பேர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அவனவன் சிநேகிதனோடு என்று விட்டால் தெருவுக்குத் தெரு பிரிந்துதான் படுப்பார்கள். பரிமாறும் வேலையை முறைவைத்து எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். பாத்திரம் கழுவுவதும் அப்படியே. காலனிப் பையன் கழுவுவதும் மற்றவன் படம் பிடித்துக்கொள்வதுமாக இருந்தால் முகாமே வேண்டாம். இப்பொழுது அவனவன் கையில் தண்ணீர் பாட்டில் வந்துவிட்டபடியால் பானைச் சண்டை கண்ணுக்குத் தெரிவதில்லை. பாட்டில் தீர்ந்த பிறகு எவன் எவனிடம் வாங்கிக் குடிக்கின்றான் என்று பாருங்கள்.

பெற்றோர்களுக்கு: ஒரு போர்வை, ஒரு டார்ச், ஒரு தட்டு, மாற்றுத் துணி கொடுத்து அனுப்புங்கள். வீட்டுக் கட்டுச்சோறு வேண்டாம். ‘அவன் சமைத்ததைச் சாப்பிடாதே’ என்று காதில் சொல்லியும் அனுப்பவேண்டாம். திரும்பி வந்ததும் எத்தனை நட்சத்திரம் பார்த்தாய் என்று கேட்பீர்கள். அதோடு, உன் பக்கத்துப் பாயில் படுத்தவன் பேர் என்ன, அவன் வீடு எங்கே என்றும் கேளுங்கள். அந்தப் பையனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டிவரச் சொல்லுங்கள்.