ஒருவர் தண்டவாளம், இன்னொருவர் வண்டி



சுரங்க ரயில் என்றால் படியிறங்கிப் போய்த்தான் ஏற வேண்டும் என்று நினைத்திருப்போம். டோக்கியோவின் ஷிபுயா நிலையத்தில் கின்ஸா தடத்துச் சுரங்க ரயிலைப் பிடிக்க மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டும். ஷிபுயா ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது. கிழக்கே ஒமோதெசாந்தோ மேட்டுக்குள் ஓடிவரும் ரயில் பள்ளத்தை நெருங்கும்போது தரை சரிந்து கீழே போய்விடுகிறது. ரயில் கூடவே இறங்குவதில்லை. சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்து, தெருவில் போகும் பேருந்துகளுக்கு மேலே பாலத்தில் நிற்கிறது. அதே நிலையத்தில் ஃபுகுதோஷின் தடத்தைப் பிடிக்க வேண்டுமானால் நிலத்துக்குக் கீழே ஐந்தாம் தளத்துக்கு இறங்க வேண்டும். நான்கு ரயில் கம்பெனிகள் அந்த ஒரே பள்ளத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன.

ஷிபுயா என்றதும் எசமானருக்காகக் காத்திருந்த ஹச்சிகோ நாயின் சிலையையும், நாலாபுறமும் ஜனங்கள் ஒரே நேரத்தில் தெருவைக் கடக்கும் நாற்சந்தியையும்தான் எல்லோரும் சொல்வார்கள். அவை இருக்கட்டும். எனக்கு அதிசயமாகப் படுவது, அங்கே ஒருவர் தண்டவாளத்தில் இன்னொருவர் வண்டி ஓடுகிற ஏற்பாடு.

அது சுலபமாக வந்துவிடவில்லை. டோக்கியோவின் முதல் சுரங்க ரயில் 1927 டிசம்பர் கடைசியில் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே ஓடியது. தூரம் வெறும் 2.2 கிலோமீட்டர். அதைத் தொடங்கியவர், லண்டனில் பாதாள ரயிலைப் பார்த்துவிட்டு வந்த ஹயாகாவா நோரித்சுகு. ஷிபுயா பக்கமிருந்து போட்டிக்கு வந்தவர் கொதோ கெய்தா. அவருடைய கம்பெனி 1938-ல் ஷிபுயாவின் மூன்றாம் மாடி நிலையத்தைத் திறந்தது. புறநகர் ரயிலில் வந்திறங்குகிறவர் அவருடைய கடைக் கட்டடத்தின் வழியாகவே சுரங்க ரயிலுக்குப் போகலாம். கெட்டிக்காரர். ஆனால் இரண்டு கம்பெனித் தடங்களும் சந்திக்க வேண்டிய ஷிம்பாஷியில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கொரு நிலையம் கட்டிக்கொண்டார்கள். 1939-ல் எட்டு மாதம் ஜனங்கள் ஒரு கம்பெனியின் வண்டியை விட்டிறங்கி மற்ற கம்பெனியின் வண்டிக்கு நடந்தார்கள். செப்டம்பரில்தான் ஷிபுயாவிலிருந்து அசாகுசா வரை ஒரே வண்டி ஓடத் தொடங்கியது. அதுதான் இன்றைய கின்ஸா தடம்.

போருக்குப் பிறகு நகரம் வீங்கியது. தனியார் புறநகர் ரயில்கள் பெரும்பாலும் யாமனோதே என்னும் வட்டப்பாதையோடு நின்றுவிடும். காலை வேளையில் அங்கே இறங்குகிற கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அடுத்த வண்டிக்கு முட்டிமோதும். இனிச் சுரங்கப்பாதை தோண்டினால் புறநகர் வண்டிகள் அதற்குள்ளேயே நேராக நுழையட்டும் என்று முடிவாயிற்று. 1960-ல் கெய்செய் கம்பெனியின் வண்டிகள் முதலில் நுழைந்தன. அதற்காக அந்தக் கம்பெனி தன் தண்டவாளத்தின் அகலத்தையே மாற்றிப் போட்டது. கின்ஸா தடத்தில் இது நடக்காது. ஷிபுயாவுக்கு வரும் புறநகர்த் தடங்களைவிட அதன் தண்டவாள அகலமும் வேறு, தண்டவாளத்தின் அருகில் ஓடும் மூன்றாவது கம்பியிலிருந்து 600 வோல்ட் மின்சாரம் எடுக்கிற முறையும் வேறு. அதில் வெளியார் வண்டி ஏற வழியில்லை.

ஷிபுயாவில் பெரிய மாற்றம் 2013 மார்ச் 15, வெள்ளிக்கிழமை இரவு நடந்தது. யோகோஹாமாவிலிருந்து வரும் தோக்யூ கம்பெனியின் தோயோகோ தடம் அன்றுவரை ஷிபுயாவில் தெருவுக்கு மேலே, இரண்டாம் மாடியில் முடிந்தது. கடைசி வண்டி போனதும் ஏறத்தாழ 1,200 பேர் வேலையில் இறங்கினார்கள். தைகன்யாமா நிலையத்துப் பக்கம் சில இடங்களில் தண்டவாளத்தைத் தாங்கிய உத்திரங்களைக் கீழே இறக்கினார்கள். சில இடங்களில் மேலே தூக்கினார்கள். சில இடங்களில் எடுத்தே விட்டார்கள். கீழே சுரங்கத்துக்குப் போகும் புதுப் பாதை ஏற்கெனவே தயாராக இருந்தது. சனிக்கிழமை முதல் வண்டி ஃபுகுதோஷின் தடம் இருக்கும் ஐந்தாம் கீழ்த்தளத்துக்குப் போய் நின்றது. பயணிகளுக்கு ஒருநாள்கூட ரயில் நிற்கவில்லை.

இப்போது வடக்கே சைதாமாவின் கவாகோயேயில் ஏறி உட்கார்ந்தவர் யோகோஹாமாவின் சீனா டவுனில் இறங்கலாம். தோபு, டோக்கியோ மெட்ரோ, தோக்யூ, மினாதோமிராய் என்று வண்டி நான்கு கம்பெனிகளின் தடங்களைக் கடக்கிறது. ஷிபுயாவில் முன்பெட்டிக்கு அருகில் நின்று பாருங்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு இறங்குவார். மேடையில் காத்திருக்கும் இன்னொருவர் வேறு சீருடையில் நிற்பார். இருவரும் விறைப்பாக வணக்கம் வைத்து, வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் கைமாற்றுவார்கள். புதியவர் இருக்கையில் அமர்ந்து, கருவிகளை ஒவ்வொன்றாக விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார். கம்பெனிக்குக் கம்பெனி எல்லை அந்த இடம்தான். உள்ளே தூங்குகிற பயணிக்கு ஒன்றும் தெரியாது.

கணக்கு வழக்கில் மட்டும் எல்லை அப்படியே இருக்கிறது. என் வண்டி உன் தடத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ, ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் உன் வண்டி என் தடத்தில் ஓட வேண்டும். அப்படி நேர்செய்துகொண்டால் வாடகைப் பணம் கைமாற வேண்டியதில்லை. பயணி வண்டி மாறாவிட்டாலும் கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனியாகத்தான் ஏறும். இது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

எல்லோருக்கும் லாபம் என்றும் சொல்ல முடியாது. முன்பு இரண்டாம் மாடியில் தோயோகோ வண்டியை விட்டிறங்கிச் சட்டென்று வட்டப்பாதை ரயிலுக்குப் போனவர்கள், இப்போது ஆழத்திலிருந்து நகரும் படிக்கட்டு மேல் படிக்கட்டாக ஏறி வர வேண்டியிருக்கிறது. கட்டடக் கலைஞர் தாதாவோ ஆந்தோ அந்தச் சுரங்க நிலையத்தை முட்டை வடிவில், வெளிக்காற்று கீழே வரை வந்துபோகும்படி வடிவமைத்தார். ஆனால் அவசரத்தில் ஓடுகிறவருக்கு அழகைப் பார்க்க ஏது நேரம்? மாற்றம் நடந்த பிறகு ஷிபுயாவில் வட்டப்பாதை ரயிலில் ஏறுவோர் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது. இங்கே இறங்கி மாற வேண்டியிருந்தவர்கள் இறங்காமலே போய்விடுகிறார்கள்.

தடங்கள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டதால் ஒருவர் தாமதம் எல்லோர் தலையிலும் விழுகிறது. 2023-ல் சோதெத்சு கம்பெனியும் வந்து சேர்ந்துகொண்டது. சங்கிலி இன்னும் நீண்டது. சைதாமாவில் ஒரு கோளாறு என்றால் யோகோஹாமாவில் வண்டி பிந்தும். நிலைமை முற்றினால், நேரடி ஓட்டம் நிறுத்தம் என்று அறிவிப்பு வரும். அவரவர் வண்டி அவரவர் எல்லையிலேயே திரும்பிப் போகும். அப்போது ஷிபுயாவில் இறக்கிவிடப்பட்ட பயணி மேடையில் நிற்கும் ஊழியரிடம் போய்க் கோபமாகக் காரணம் கேட்பார். அந்த மேடையை நிர்வகிப்பது தோக்யூ. கோளாறோ நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வேறொரு கம்பெனியின் தடத்தில்.