விரல் நீட்டிய படமும் படையில் சேர்ந்தவர்களும்

போர்க்காலச் சுவரொட்டிகளையும் கேலிச்சித்திரங்களையும் ஆராயக் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்கப் பணித்தமைக்கு நன்றி. நேரே பொருளுக்கு வருகிறேன்.

அடர்ந்த மீசையோடு நம்மை நோக்கி விரல் நீட்டும் கிச்சனர் பிரபுவின் முகம் நம் எல்லோருக்கும் பழக்கமானது. முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டனின் போர் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் அவர். அந்தப் படமே இளைஞரைத் திரள்திரளாகப் படைக்கு இழுத்தது என்று திரும்பத் திரும்ப எழுதிவருகிறோம். தேதிகளோ அதற்கு இடம் தரவில்லை. ஆல்ஃபிரட் லீட் வரைந்த அந்தப் படம் முதலில் வெளிவந்தது 'லண்டன் ஒபீனியன்' வார இதழின் அட்டையில், 1914 செப்டம்பர் 5 அன்று. பிரிட்டனில் ஒரே நாளில் மிகுதியானோர், 33,000க்கும் மேற்பட்டோர், படையில் பதிந்துகொண்டது செப்டம்பர் 3 அன்று. படம் வருமுன்பே அலை எழுந்துவிட்டது. பெல்ஜியத்தின் மோன்ஸ் களத்திலிருந்து தங்கள் படை பின்வாங்கிய செய்தியும், ஊரில் வேலை போனதும், நண்பர்களோடு ஒரே பட்டாளத்தில் சேரலாம் என்ற வாக்குறுதியும் அந்த இளைஞரை வரிசையில் நிறுத்தின. ஒரு படத்தின் இன்றைய புகழைக் கொண்டு அதன் அன்றைய ஆற்றலை அளந்துவிட முடியாது என்பதை இந்த அரங்கு முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆள்வரத்து குறையக் குறையத்தான் சுவரொட்டியின் குரல் கூர்மையடைந்தது. எல்லாக் கட்சியினரும் இடம்பெற்ற நாடாளுமன்ற ஆள்சேர்ப்புக் குழு 1915இல் வெளியிட்டவற்றில் சாவில் லம்லி வரைந்த படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. போர் முடிந்த பிற்காலம். நாற்காலியில் தந்தை. மடியிலிருக்கும் மகள், பெரும்போரில் நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா என்று கேட்கிறாள். காலடியில் மகன் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி விளையாடுகிறான். தந்தை மகளைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். பகைவன் படத்தில் எங்குமே இல்லை. இன்னும் நடக்காத ஒரு மாலைப்பொழுதின் அவமானத்தை முன்கூட்டியே ஒருவன் நெஞ்சில் ஏற்றிவிடுகிறது அது. அதே ஆண்டு வெளிவந்த, ஓவியர் கீலியின் படத்தில் பெண்கள் சன்னலருகே நின்று, அணிவகுத்துப் போகும் வீரர்களைப் பார்க்கிறார்கள். 'போ' என்று பெண்களே சொல்வதாக வாசகம். தாயின் அன்பையும் பிள்ளையின் கேள்வியையும் அரசு தன் கருவியாக்கிக்கொண்டது. இதைக் கலைத்திறன் என்று மட்டும் பாராட்டிவிட்டு நகர என்னால் இயலவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஆள் போதவில்லை. 1916 ஜனவரியில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் தன் முகத்தையே மாதிரியாக வைத்து வரைந்த, அமெரிக்காவை உருவகிக்கும் 'அங்கிள் சாம்' சுவரொட்டி 40 லட்சம் படிகளுக்கு மேல் அச்சானது. அங்கும் 1917 மே மாதமே கட்டாயச் சேர்ப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது.

கேலிச்சித்திரத்தின் வழி வேறு. டச்சு ஓவியர் லூயி ரேமேக்கர்ஸ் 'டெலகிராஃப்' நாளிதழில் ஜெர்மானியப் படையின் பெல்ஜியக் கொடுமைகளை வரைந்தார். நடுநிலை நாட்டவரின் கை என்பதே அந்தக் கோடுகளுக்கு நம்பகத்தை அளித்தது. லண்டனில் சார்லஸ் மாஸ்டர்மேன் தலைமையில் மறைவாக இயங்கிய பிரிட்டிஷ் அரசின் பரப்புரை அலுவலகமான வெலிங்டன் இல்லம் அவற்றைப் பல மொழிகளில் பரப்பியது. பெல்ஜியத்தில் குடிமக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது உண்மை. அந்த உண்மையோடு கட்டுக்கதைகளும் கலந்து பரவின. போருக்குப் பின் கதைகள் அம்பலமானபோது மெய்யான துயரத்தையும் பலர் நம்ப மறுத்தனர். பரப்புரை இழைத்த ஆகப் பெரிய தீங்கு இதுவே என்பது என் உறுதியான கருத்து.

சுவரொட்டி சொல்லாத பக்கமும் உண்டு. இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல்கடந்து அந்தப் போருக்குச் சென்றனர். பஞ்சாபில் ஆள்திரட்டியதில் ஊர்த்தலைவர்களின் நெருக்குதலுக்கும் நில வாக்குறுதிக்கும் சம்பளத்துக்கும் பெரும்பங்கு உண்டு. அதைச் சுவரில் ஒட்டிய தாளில் தேடினால் கிடைக்காது. வருவாய்த்துறைக் கோப்புகளுக்குள் போக வேண்டும்.

ஆகவே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளையோரிடம் கேட்கிறேன்: எடுத்துக்கொண்ட ஒவ்வொரு படத்துக்கும் அச்சான தேதி, படிகளின் எண்ணிக்கை, ஒட்டிய இடம், பணம் கொடுத்தவர், அந்த மாத ஆள்வரத்து ஆகியவற்றை முன்வையுங்கள். கிடைக்காதவற்றைக் கிடைக்கவில்லை என்றே பதியுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.