வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறுதல்

மாலையில் பீனியாவில் ஆலை விட்டதும் பஸ்ஸுக்குக் காத்து நிற்போருள் நம்மவர் பலர் உண்டு. பதினெட்டு வயதில் பிழைப்பை நாடி, ஜோலார்ப்பேட்டை வழியாக ரயிலேறி, பெங்களூர் வந்து சேர்ந்தவர்கள். கல்லூரி வாசலை மிதிக்க அவகாசம் வாய்க்காதவர்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதானபின், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவை என்று மேலதிகாரி சொல்லும்போதோ, வீட்டில் மகள் கல்லூரியில் சேரும்போதோ, "நாமும் படித்தால் என்ன?" என்ற எண்ணம் எழுகின்றது. நல்ல எண்ணந்தான். ஆயினும் எங்கே, எதைப் படிப்பது என்று தேர்வதில் தவறியவர்களையும் நாம் அறிவோம். இன்று அதைப்பற்றியே பேச விரும்புகின்றோம்.

வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறும் வழி புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே வெளி மாணவர்க்குத் தேர்வுகளைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் தபால் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969-இல் அதைப் பின்பற்றியது. அந்தக் கிளையே 1996-இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தேசம் முழுவதற்குமாக இந்திரா காந்தி பெயரிலான திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தோன்றியது. தமிழ்நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், கடைத்தெருவில் மாடியறை ஒன்றில் நடந்த "படிப்பு மையம்" ஒன்றில் பணங்கட்டிச் சேர்ந்தார். வெகு தொலைவிலுள்ள ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பெயர் பலகையில் எழுதியிருந்தது. மூன்றாண்டுகள் இரவில் கண்விழித்துப் படித்தார். மதிப்பெண் பட்டியலும் பெற்றார். தொழிற்சாலையில் அதைக் கொடுத்தபோது, அந்தப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே இப்படிக் கற்பிக்க அனுமதி பெறவில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். பதவி இன்னொருவருக்குப் போயிற்று. மையம் இருந்த அறையில் இப்போது தையற்கடை நடக்கின்றது.

இதற்குக் காரணமான விதியைப் புலம்பெயர்ந்து வாழும் நாம் முதலில் அறிதல் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகம் எதுவாயினும், தொலைநிலைக் கல்வியைத் தன் எல்லைக்குள் மட்டுமே நடத்தலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே படித்து, அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தேர்வு எழுதிவிடலாம் என்று நினைப்பது நமக்கு இயல்பே. விதி அதற்கு இடந்தரவில்லை. தமிழ் வழியில் பள்ளி முடித்து இங்கே வந்தவர்க்கு இது பெருங்குறை என்பதில் ஐயமில்லை. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பாடம் பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். எனினும் ஒரு வாசல் திறந்திருக்கின்றது. முழுவதும் இணையத்தின் வழியே நடக்கும் படிப்புகளுக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு கிடையாது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அத்தகைய படிப்புக்கு அனுமதி பெற்றிருந்தால், பெங்களூரிலிருந்தே சேரலாம். தொலைநிலையும் இணையவழியும் வேறு வேறு என்பதைக் கேட்டறிந்துகொள்ளாமல் பணம் கட்டலாகாது.

பெரிய பெயரைக் கண்டும் மயங்க வேண்டாம். அரசே நடத்தும் கர்நாடகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கே இடையில் அங்கீகாரம் இல்லாமற் போயிற்று. மாநில எல்லைக்கு அப்பாலும் படிப்புகளை நடத்தியது முதலிய காரணங்களைக் காட்டி, 2013-14ஆம் கல்வியாண்டு தொடங்கி அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு 2015-இல் அறிவித்தது. 2018-இல் அது மீண்டும் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் மாணவர்கள் பட்ட மனவேதனை கொஞ்சமன்று. ஆகவே, "இந்தப் பல்கலைக்கழகம் நல்லதா?" என்ற கேள்வி போதாது. நாம் சேரும் ஆண்டில், நாம் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி உண்டா என்றே கேட்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றது. நமக்குப் பார்க்கத் தெரியாவிட்டால், வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் செய்வதில் வெட்கம் என்ன?

பொறியியல், மருத்துவம், செவிலியர் பணி, சட்டம் ஆகியவற்றில் தொலைநிலைப் பட்டம் தருவதாக யார் சொன்னாலும் நம்பற்க. உரிய ஒப்புதலின்றித் தபால் வழியே பொறியியற் பட்டம் வழங்கிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோர் மீண்டும் ஒரு தேர்வில் வெல்ல வேண்டியதாயிற்று. பின்னர் சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லாமலே போயின.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர் அதையே முதலில் முடித்துக்கொள்க. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எந்த வயதிலும் எழுதலாம். பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் பெற்ற திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009-இலேயே ஆணையிட்டது. என்றேனும் ஊர் திரும்ப நினைப்பவர் இதை மறக்கலாகாது. முறைப்படி அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமோ, கல்லூரியில் நேரே பயின்று பெற்ற பட்டத்துக்குச் சமமானது. மானியக் குழு 2022 செப்டம்பரில் இதைத் தெளிவாக அறிவித்திருக்கின்றது.

பாடத்தைப் பொறுத்தவரை நம் கருத்து இது: செய்யும் வேலைக்கு அருகிலுள்ளதை எடுப்பது நலம். கணக்கெழுதுபவர்க்கு வணிகவியல் பாதி தெரிந்த பாடமே. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளங்கலையை ஆறாண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கின்றது. இரவு ஷிப்டு பார்ப்பவர்க்கு அந்த அவகாசம் பெரிது. தேர்வு நாட்களுக்கான விடுப்பை ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வைக்கலாம்.

2024 முதல், சேர்வதற்கு முன் மானியக் குழுவின் தளத்தில் மாணவரே தமக்கென ஓர் அடையாள எண் பெற வேண்டும். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பணத்தை மட்டும் கொடுங்கள்" என்று எவரேனும் சொன்னால், எழுந்து வந்துவிடுவதே உத்தமம். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கே செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்துக.