இலைக்குள் என்ன இருக்கின்றது?



உருசியத் தாவரவியலாளர் சுவெற், இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் இறக்கி, பச்சையும் மஞ்சளுமாய்ப் பிரிந்த பட்டைகளைக் கண்டு 1906ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிறமற்ற பொருள்கள் அவர் கண்ணுக்குத் தப்பின.

இன்று வாயு நிறப்பதிவுக் கருவி சேர்வைகளைப் பிரித்துத் தர, திணிவு நிறமாலைமானி அவற்றின் மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளை நிறுத்துக் காட்டுகின்றது. கணினி அக்கோலத்தைப் பதிவேட்டோடு ஒப்பிடுகின்றது. இவ்வாறு 2000ஆம் ஆண்டில், ஜேர்மனியிலே கோல்ம் என்னுமிடத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தார், அரபிடொப்சிஸ் என்னும் சிறு செடியின் இலையில் 326 சேர்வைகளைத் தன்னியக்க முறையால் அளந்தனர். ஏறக்குறைய அரைவாசிக்கே கட்டமைப்புக் கூற முடிந்தது. மற்றவை அளவுண்டு, பெயரில்லை!

மாணவராகிய எமக்கோ, கருவியினும் அதற்கு முந்திய கைவேலையே பெரிதாய்த் தோன்றுகின்றது. பறித்த இலையை அக்கணமே திரவ நைதரசனில் உறையவைத்தல் வேண்டும். தாமதித்தால் நொதியங்கள் தம் வேலையைத் தொடரும். பின்னர் கருவி அளப்பது செடியில் நின்ற இலையையன்று.