வலி மாத்திரையை விட முடியலையா?

நெய்வேலி சுரங்கத்துல ஷிஃப்ட் பார்க்கிறவங்களுக்கு முதுகுவலி புதுசில்லை. அதுக்கு டாக்டர் எழுதித் தந்த டிரமடால் சிலரை விடாமப் பிடிச்சுக்கும். 2018-லேயே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தாச்சு.

தானா திடீர்னு நிறுத்தாதீங்க. கைகால் குடையும், வயிறு போகும், தூக்கம் வராது. இதுக்கு மருந்து உண்டு.

மையம் தேடும்போது சுவர் விளம்பரத்தை நம்பிப் போகாதீங்க. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கா, மனநல மருத்துவர் பார்க்கிறாரா, வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து பார்ப்பாங்களா என்று கேளுங்க. கடைசிக் கேள்விதான் முக்கியம். பத்தே நாளில் குணம் என்கிறவங்களை நான் நம்பமாட்டேன். சிகிச்சைக்குப் பிறகு பழைய அளவையே போட்டா உடம்பு தாங்காது, மூச்சே நின்னுடலாம்.

பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கு. வழி கேட்க 14446-க்குப் பேசுங்க, கட்டணம் கிடையாது. குடும்பத்தாரும் பேசலாம்.